சரை விலை, வாசிப்பு விலை

நெடுங்கேணிச் சந்தியில் பழைய புத்தகத்துக்கு இரண்டு விலை இருந்தது. ஒன்று இறாத்தல் விலை, மற்றது வாசிப்பு விலை. இறாத்தல் விலைக்குப் போனது சரையாகும். சீனிச்சரை, மல்லிச்சரை, கச்சான்சரை. வாசிப்பு விலைக்குப் போனது யாரோ ஒருவரின் தலைமாட்டுக்கு வரும். எது எந்தப் பக்கம் போகவேண்டுமென்று தீர்மானிக்கிற ஆள் கடை அப்பு. அவருக்குப் பெரிய படிப்பில்லை என்றுதான் ஊரில் சொல்லுவினம். ஆனால் சாக்குக்குள் கையை விட்டு ஒரு புத்தகத்தை இழுத்து, அதன் முதுகைத் தடவி, கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். இருந்தால், "இது கிழிக்கிற சாமான் இல்லை" என்று மேல்தட்டில் வைப்பார். முதல் பக்கம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, முடிவு இருக்கவேண்டும் என்பது அவருடைய சட்டம். தொடக்கத்தை வாசிக்கிறவன் தானே கற்பனை பண்ணுவான் என்பார்.

அந்தக் கடை உங்களுக்கும் ஞாபகம் வரும். புளியங்குளத்தால் வருகிற பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நிற்கிற இடத்துக்குக் கிட்ட, வேம்புக்குக் கீழே. வாசலில் மண்ணெண்ணெய்ப் பீப்பா, அதற்குப் பக்கத்தில் புகையிலைக் கட்டு, உள்ளே கருவாடும் சவர்க்காரமும் ஒரே மூச்சில் மணக்கும். அங்கிருந்து வாங்கிவந்த எந்தப் புத்தகத்தையும் திறந்தால் முதலில் கருவாடுதான் வரும். சாண்டில்யனின் இளவரசி அரண்மனை மாடத்தில் நிற்கிறபோதும் எங்களுக்குத் திரளிக் கருவாடு மணந்தது. நாங்கள் அதைக் குறையாக எடுக்கவில்லை.

இந்தக் காட்டுக்கரை ஊருக்குப் புத்தகம் எங்கிருந்து வந்ததென்று கேட்பீர்கள். பாதி வவுனியாவிலிருந்து. மீதிப் பாதி வாத்திமாரிடமிருந்து. யாழ்ப்பாணத்திலிருந்து கஷ்டப்பிரதேச சேவைக்கென்று வருகிற ஆசிரியர்கள், வரும்போது ஒரு சூட்கேசும் ஒரு கட்டுச் சஞ்சிகையுமாக வருவினம். மாற்றம் கிடைத்துப் போகும்போது சூட்கேசை மட்டும் கொண்டுபோவினம். அந்தக் கட்டு அப்புவின் கடைக்குப் போகும். கல்கியில் தொடராக வந்த பொன்னியின் செல்வனை வாராவாரம் கழற்றி எடுத்து, சணல் நூலால் தைத்து, சீமெந்துப் பேப்பரால் மட்டை போட்ட ஐந்து தடித்த கட்டுகள் அப்படித்தான் எங்கள் ஊருக்கு வந்தன. அந்தத் தொடர் 1950 தொடக்கம் 1954 வரை வந்தது. யாரோ ஒருவர் அத்தனை கிழமையும் ஒன்றும் தவறவிடாமல் சேர்த்திருக்கிறார். இடையிடையே கோப்பி விளம்பரமும் தலைவலித் தைல விளம்பரமும் கதையோடு சேர்த்துத் தைபட்டிருக்கும். வந்தியத்தேவன் குதிரையில் ஏறுகிறான். பக்கத்தைப் புரட்டினால் ஒரு பெண் கூந்தல் தைலப் போத்தலோடு சிரிக்கிறாள். அதற்கு அப்பு என்ன விலை போட்டார் தெரியுமோ? விலையே போடவில்லை. விற்கமாட்டேன் என்றார். ஒவ்வொரு கட்டாகக் கொண்டுபோய் வாசித்துவிட்டுக் கொண்டுவரவேண்டும். கட்டுக்கு இருபத்தைந்து சதம். மழை பட்டால் ஒரு ரூபா தண்டம்.

விற்கிற புத்தகங்களுக்கு விலை பின்மட்டையின் உள்பக்கத்தில் இருக்கும், பென்சிலால். அந்த இடத்தை நான் இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்ப்பேன். நிலக்கிளியை நான் வாங்கியபோது அங்கே ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக மூன்று விலை இருந்தது. 1.75 என்று எழுதி ஒரு கோடு. 1.50, கோடு. 1.25, கோடு. அதற்குக் கீழே அப்பு பென்சிலை நாக்கில் தொட்டு 1.00 என்று எழுதுகிறார். எழுதிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். நான் ஒன்றும் சொல்லாமல் நிற்கிறேன். அந்தச் சும்மா நிற்றல்தான் எங்களுக்குத் தெரிந்த பேரம். "சரி, வாசிச்சுப்போட்டுக் கொண்டா, அம்பது சதம் திருப்பித் தாறன்" என்கிறார்.

அப்படியென்றால் எனக்கு அந்தப் புத்தகத்தின் விலை ஒரு ரூபா இல்லை. ஐம்பது சதம். எனக்கு முன்னால் வாசித்தவருக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். புதிதாக வாங்கிய முதல் ஆள் இரண்டு மூன்று ரூபா கொடுத்திருப்பார். அதிலும் கொஞ்சம் அப்புவிடம் திரும்பி வந்திருக்கும். ஒரு புத்தகத்தின் விலையை ஊரே பங்கு போட்டுக் கட்டியது என்பது அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. நாங்கள் மாமரத்துக்குக் கீழே கிடந்து வாசித்துக்கொண்டிருந்தோம்.

நிலக்கிளி எங்களுக்கு வேறு யாருடைய கதையும் இல்லை. அ. பாலமனோகரன் அதைத் தண்ணிமுறிப்பில் நடக்கவிட்டிருந்தார். தண்ணிமுறிப்பு என்றால் எங்கள் காட்டின் அடுத்த பக்கம். மரை எந்தத் துறையில் தண்ணி குடிக்கும், பாலைப்பழம் எந்த மாதம் கொட்டும் என்பதெல்லாம் எங்கள் பெரியப்பாவுக்குத் தெரிந்த சங்கதி. இரவில் நான் உரத்து வாசிப்பேன். ஆச்சி வெற்றிலை இடித்துக்கொண்டு கேட்பா. உரலுக்குள் பாக்கு நொறுங்குகிற சத்தம் கதைக்குத் தாளம் மாதிரி விழும். கதையில் துயரம் வருகிற இடத்தில் அந்தச் சத்தம் நின்றுவிடும். பெரியப்பா மட்டும் இடையில் புகுந்து, "அந்த இடத்திலை காடு அப்பிடி இராது" என்று எழுத்தாளரோடு வழக்குப் பேசுவார். பாலைப்பழக் காலத்தில் வாசித்தபடியால் அந்தப் புத்தகத்தில் சில பக்கங்கள் பழப்பால் பட்டு ஒட்டிக்கொண்டன. திருப்பிக் கொடுத்தபோது அப்பு அந்தப் பக்கங்களை விரலால் பிரித்துப் பார்த்துவிட்டு ஐம்பது சதத்தில் பத்துச் சதத்தைக் குறைத்தார். நியாயம்தான்.

ஒரு காலத்துக்கு வீரகேசரிப் பிரசுரம் என்றாலே எங்களுக்கு நாவல் என்றுதான் அர்த்தம். நிலக்கிளியும் செங்கை ஆழியானின் வாடைக்காற்றும் 1973இல் அதில்தான் வந்தன. அதற்கு ஒரு காரணம் உண்டு. 1970இல் வந்த அரசாங்கம் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. ஆனந்த விகடனும் குமுதமும் வரத்துக் குறைந்த இடத்தில் எங்கள் எழுத்துக்காரருக்கு வாசகர் கிடைத்தனர். மலிவு விலையில், சின்ன அளவில், பஸ்சில் கொண்டுபோகக்கூடிய புத்தகங்கள். 1977இல் கதவு திறந்தது; இந்தியப் புத்தகங்கள் திரும்ப வந்து குவிந்தன; எங்கள் பிரசுரங்கள் மெல்ல மெல்ல ஒதுங்கின. இதை அப்புவின் தட்டைப் பார்த்தே சொல்லலாம். எழுபதுகளில் அவர் நிலக்கிளியைச் சரை கிழிக்க விடவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் மேல்தட்டு முழுக்க இந்தியச் சரக்கு. எங்கள் ஆட்கள் கீழே, சாக்குக்குள். நான் அந்தச் சாக்குக்குள் தலையை விட்டுத் தேடியிருக்கிறேன்.

வைகாசித் திங்களில் வற்றாப்பளைப் பொங்கல். உழவு மிசின் பெட்டியில் வைக்கோல் பரப்பி, அதற்கு மேலே பாய் விரித்து, ஒட்டுசுட்டானுக்கால் போவோம். நீங்களும் அந்தப் பெட்டியில் இருந்திருப்பீர்கள். குலுக்கலில் புட்டுப்பெட்டி கவிழ்ந்ததற்கு யார் காரணம் என்று இன்னும் முடிவாகவில்லை. கோயிலில் கடல்நீரில் விளக்கெரியும். வெளியே வீதியில் சோளப்பொரி, கச்சான், தும்புமிட்டாஸ், காப்புக்கடை. அந்த வரிசையின் கடைசியில், வெளிச்சம் குறைந்த இடத்தில், ஒருவர் சாக்கை விரித்துப் பழைய புத்தகம் போட்டிருப்பார். பெற்றோல்மாக்ஸ் ஒன்று சீறிக்கொண்டு நிற்கும். பெரிய எழுத்து நல்லதங்காள் கதை, பஞ்சாங்கம், மட்டையில்லாத துப்பறியும் நாவல்கள், யாரோ படித்து முடித்த தாவரவியல் நோட்ஸ். அவரிடம் விலை நேரத்துக்கு நேரம் மாறும். பின்னேரம் இரண்டு ரூபா சொன்னதை இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு ரூபாவுக்குத் தருவார். விடியப்புறம், சாக்கைச் சுருட்டுகிற நேரத்தில் போனால், "எடுத்துக்கொண்டு போ பிள்ளை, தூக்கப் பாரம்" என்று சும்மாவே தந்துவிடுவார். நித்திரை முழித்து நின்றவனுக்கு மலிவு விலை.

பள்ளிக்கூடப் புத்தகமும் அப்படித்தான் கை மாறியது. 1980இலிருந்து அரசாங்கம் பாடப்புத்தகத்தை இலவசமாகத் தந்தது. ஆனால் புதுசு எல்லாருக்கும் வராது. வருட முடிவில் திருப்பிக் கொடுக்கவேண்டும், அடுத்த வகுப்புப் பிள்ளைக்கு அது போகும். உள்மட்டையில் ஆண்டும் பெயரும் எழுதக் கட்டம் இருக்கும். எனக்கு வந்த விஞ்ஞானப் புத்தகத்தில் எனக்கு முன்னால் மூன்று பெயர். அதில் ஒருத்தி பூவின் படத்துக்கு நிறம் தீட்டியிருந்தாள், அழகாக. இன்னொருவன் தவளையின் படத்துக்கு மீசை வைத்திருந்தான். வாத்தியார் தவளையைப் படிப்பிக்கிறபோது வகுப்பு முழுக்க என் புத்தகத்தை எட்டிப் பார்க்கும். இப்போது அந்தப் பாடப்புத்தகங்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இணையத்தில் வைத்திருக்கிறது. எவரும் காசில்லாமல் இறக்கலாம். நல்ல விஷயம். எங்கள் அயல் பிள்ளைகள் இறக்கிவிட்டுக் கொமினிகேசனுக்கு ஓடுகிறார்கள், தேவையான அதிகாரத்தை மட்டும் அச்செடுக்க. புத்தகம் இலவசம், பக்கத்துக்குக் காசு. தாய்மார் முந்தானையை அவிழ்த்து எண்ணிக் கொடுக்கிறதை வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன்.

வாசிப்பு விலையில் விளக்கெண்ணெயும் சேர்த்தி என்று நாங்கள் படித்தது பொருளாதாரத் தடைக்காலத்தில். தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய் வன்னிக்குத் தங்கம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத்துண்டு, அது நனையுமளவுக்கு எண்ணெய், சின்னத் திரி, நகத்தளவு சுடர். யாழ்ப்பாணத்துப் பேப்பர்கள் கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சாகி வந்த காலம் அது. ஒரு நாவல் வாசிக்க எவ்வளவு எண்ணெய் எரியும் என்று அம்மா கணக்குப் பார்ப்பா. "புத்தகம் இரவலா வந்தது எண்டால் எண்ணெய் என்ன இரவலே?" என்பா. அதனால் நாங்கள் நிலவுக்கு வாசித்தோம், அடுப்பு வெளிச்சத்தில் வாசித்தோம், ஒரு சுடரைச் சுற்றி நான்கு தலை வைத்து ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டோம். மூக்குத் துவாரம் இரண்டும் காலையில் கரியாக இருக்கும். அப்புவின் கடையில் அந்த நாட்களில் சரைக்குத்தான் கிராக்கி. கடதாசி இல்லை, எழுதிய கொப்பி, பரீட்சை வினாத்தாள், கலியாணக் கார்ட் எல்லாம் சரையாகிறது. இறாத்தல் விலை ஏறி வாசிப்பு விலையைத் தொட்டது. சில கிழமைகளில் தாண்டவும் செய்தது. மேல்தட்டில் இருந்த புத்தகங்களை அப்பு அப்போதும் இறக்கவில்லை. மல்லியைத் தேக்கிலையில் சுற்றித் தந்தார்.

1997 வைகாசியில் ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கியது. சில நாட்களிலேயே நெடுங்கேணி எழும்பிவிட்டது. மிசின் பெட்டியில் நெல் மூட்டை, தையல் மிசின், கதவு, ஓடு, ஆச்சி, கோழிக்கூடு. புத்தகப் பெட்டியைத் தூக்கி வைத்தபோது அண்ணன் கையால் எடை பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை, இறக்கி வைத்தான். புத்தகத்தைப் போலப் பாரமான சாமான் இடம்பெயர்கிற வீட்டில் வேறில்லை. முள்ளியவளையிலும் புதுக்குடியிருப்பிலும் இருந்த வருடங்களில் எங்கள் நெடுங்கேணி ஆட்களைச் சந்திக்கும்போது, மாடு என்ன ஆச்சு, வீட்டுக் கூரை என்ன ஆச்சு என்று கேட்டதற்குப் பிறகு, யாராவது ஒருவர் அப்புவின் மேல்தட்டைப் பற்றிக் கேட்பார்.

2009 ஆடியில் நாங்கள் செட்டிகுளத்து மெனிக்பாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். எந்தப் பெட்டியும் கூட வரவில்லை. வெளியிலிருந்து வருகிற சாப்பாட்டுப் பார்சலின் பேப்பர்த்துண்டை விரித்து, எண்ணெய் ஊறாத பகுதியைப் பெண்கள் வாசிப்பினம். பாதிச் செய்தி, பாதி மரண அறிவித்தல். வெகுகாலம் கழித்துத்தான் எனக்கு இன்னொரு கதை தெரியவந்தது. அதே ஆடி மாதத்தில் அமெரிக்காவில் அமேசான் கொம்பனி, தான் விற்ற ஜோர்ஜ் ஓர்வெல்லின் இரண்டு நாவல்களை வாங்கினவர்களின் கிண்டில் மின்னூல் கருவிக்குள்ளிருந்து ஒரே இரவில் அழித்துவிட்டதாம். உரிமை இல்லாத ஆள் விற்கக் கொடுத்த பதிப்பென்று காரணம் சொன்னது. காசைத் திருப்பிக் கொடுத்தது. பிறகு மன்னிப்பும் கேட்டது. அழிந்த நாவல்களில் ஒன்று 1984. எங்களுக்கு ஒருவரும் காசைத் திருப்பித் தரவில்லை என்று பகிடியாகச் சொல்லுவேன், கேட்கிறவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

என்றாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மின்னூலுக்குப் பாரம் இல்லை. அண்ணன் கையால் எடை பார்த்த அந்தப் பெட்டி ஒரு போனுக்குள் இருந்திருந்தால் சட்டைப் பையில் வந்திருக்கும். யாழ்ப்பாண நூலகத்தில் 1981இல் எரிந்தது ஏறத்தாழ 97,000 புத்தகம். அந்தச் சூடு தெரிந்த பிள்ளைகள்தான் 2005இல் நூலகம் இணையத்தளத்தைத் தொடங்கி, எங்கள் ஆட்களின் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஏற்றினார்கள், எவரும் காசில்லாமல் வாசிக்கிற மாதிரி. அதற்கு முன்னரே, 1998 பொங்கலுக்கு, சுவிற்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியிருந்தார்; சங்க இலக்கியத்தை உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் தொண்டர்கள் தட்டெழுதித் தந்தார்கள். நிலக்கிளியும் இப்போது நூலகத்தில் இருக்கிறது. திண்ணையில் இருந்து போனில் திறக்கிறேன். சிக்னல் இரண்டு கட்டைதான், மெல்ல மெல்ல வருகிறது. யாரோ ஒருவருடைய பிரதி. மட்டையில் சிராய்ப்பு, ஓரத்தில் மை. கடைசிப் பக்கத்துக்குப் போய் உள்மட்டையைத் தேடினேன். அதைப் படமெடுக்கவில்லை.

இலவசத்தோடு எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. விலை போட்டு விற்கிற மின்னூலோடுதான் வழக்கு. அதைக் கிளப்பியவன் ஸ்காபரோவில் இருக்கிற என் அண்ணன் மகன். சிறுகதைகள் எழுதியிருக்கிறான், பரவாயில்லாமல் எழுதுகிறான், காட்டைப் பற்றி எழுதுகிறபோது மட்டும் பெரியப்பா உயிரோடு இல்லாதது தெரிகிறது. அவன் கிண்டிலில் போடப்போகிறான். 2016 கடைசியிலிருந்து கிண்டில் தமிழையும் எடுக்கிறது. "மாமி, என்ன விலை போட?" என்று கேட்கிறான். நான் திருப்பிக் கேட்டேன், அவர்களுடைய கணக்கு என்ன என்று. 0.99 டொலரிலிருந்து போடலாமாம். 2.99க்குக் கீழே போட்டால் எழுதினவனுக்கு 35 வீதம். 2.99இலிருந்து 9.99க்குள் போட்டால், பெரிய சந்தை நாடுகளில் 70 வீதம். கெட்டிக்காரப் பொறி. யார்தான் 2.99க்குக் கீழே இறங்குவான்?

2.99 டொலர் என்றால் எங்கள் காசில் தொள்ளாயிரம் ரூபா. அந்தக் காசுக்கு வவுனியாவில் அச்சுப் புத்தகமே வாங்கலாம், எங்கள் ஆட்களுடையது. வாங்கி வாசித்துவிட்டு ஒலுமடு டீச்சருக்குக் கொடுக்கலாம், அவ தன் தங்கைக்குக் கொடுப்பா, கடைசியில் பாதி விலைக்குப் போட்டாலும் எனக்கு நானூற்றைம்பது திரும்பி வரும். மின்னூலில் அந்தத் திரும்பி வருகிற காசு இல்லை. விற்கேலாது. இரவல் கொடுக்கேலாது. நான் கண்ணை மூடினால் பிள்ளைக்கு எழுதிவைக்கவும் ஏலாது. ஒரு கைக்கு மட்டும் போகிற பொருளுக்கு ஒரு கையின் பங்கைத்தானே கேட்கவேண்டும்? பத்துக் கை பிடித்துக் கட்டுகிற விலையை ஒரு கையிடம் கேட்பது என்ன நியாயம்?

அவன் சும்மா பிள்ளையில்லை, எல்லாம் தேடிப் படிக்கிறவன். இதே வழக்கு ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது என்றான். நெதர்லாந்தில் ரொம் கபினெற் என்று ஒரு நிறுவனம், வாசித்து முடித்த மின்னூல்களை வாங்கிப் பழைய புத்தகமாக விற்றிருக்கிறது. பதிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2019 மார்கழியில் தீர்ப்பு: உரிமைக்காரர் சம்மதமில்லாமல் விற்கக்கூடாது. சொன்ன நியாயங்களில் ஒன்று, மின்னூல் பாவிக்கப் பாவிக்கப் பழசாவதில்லை, பழையதும் புதியதும் ஒன்றுபோலவே இருக்கும், ஆகையால் பழையதை விற்கவிட்டால் புதியது விற்காது என்பது. நான் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். அப்பு கேட்டிருந்தால் அவரும் சிரித்திருப்பார். பாலைப்பழப் பால் படாத, மட்டை கழலாத, கருவாடு மணக்காத சாமானுக்கு அவர் எந்தத் துணிவில் விலையைக் குறைப்பார்? புத்தகம் பழசானபடியால்தானே ஏழைப்பட்ட கைக்கு இறங்கி வந்தது. பழசாகத் தெரியாத புத்தகம் மேல்தட்டிலேயே நிற்கும்.

எழுதுகிறவன் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். அப்புவின் கடையில் நிலக்கிளி எத்தனை கை மாறினாலும் அ. பாலமனோகரனுக்கு ஒரு சதமும் போயிராது. முதல் ஆள் கொடுத்த காசோடு அவருடைய கணக்கு முடிந்தது. எங்கள் பக்கத்தில் எழுத்தாளன் புத்தகம் போடுகிற விதமும் உங்களுக்குத் தெரியும்தானே. மனைவியின் காப்பை அடகு வைத்து முந்நூறோ ஐந்நூறோ அடிக்கிறது. பிறகு வெளியீட்டு விழா. மங்கல விளக்கு, வாழ்த்துரை, ஆய்வுரை, முதற்பிரதி வாங்குகிற வர்த்தகப் பிரமுகர், வரிசையில் வந்து கடித உறைக்குள் காசு வைத்துக் கொடுத்துப் புத்தகத்தை வாங்கிக் கமக்கட்டில் வைத்துக்கொண்டு வடைக்கும் ரீக்கும் போகிற நாங்கள். அந்த உறைக்குள் ஐந்நூறும் இருக்கும், இரண்டாயிரமும் இருக்கும், ஒன்றுமில்லாமலும் இருக்கும். அதற்குப் பெயர் எழுதிய விலை கிடையாது. சொந்தக்காரர் சொந்தத்துக்கேற்ப, ஊர்க்காரர் முகத்துக்கேற்ப. மிச்சம் கட்டிலுக்குக் கீழே கறையானுக்கு. 2022இல் கடதாசி விலை ஏறியது. மேல் மாகாணத்தில் பரீட்சையையே ஒத்திவைத்த அளவுக்குத் தட்டுப்பாடு. அந்த ஆண்டு எனக்குத் தெரிந்த இருவர் அச்சகத்துக்குக் கொடுத்த கையெழுத்துப் பிரதியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களிடம் போய் மின்னூல் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்லுவேன்?

கிண்டிலில் மாதக் கட்டணத்துக்கு வாசிக்கிற வழியும் இருக்கிறதாம். வாசித்த பக்கத்துக்கு எண்ணி எழுத்தாளனுக்குக் காசு போகும், 2015இலிருந்து. கட்டுக்கு இருபத்தைந்து சதம் என்பதைப் பக்கத்துக்கு என்று ஆக்கியிருக்கிறார்கள். நான் எந்தப் பக்கத்தில் நித்திரையாகிப் போனேன் என்பதும் அவர்களுக்குத் தெரியுமாம். அதில் புதினம் இல்லை, அப்புவுக்கும் தெரியும். மடித்த பக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதோடை விட்டிட்டியோ? இதுக்குப் பிறகுதான் கதையே" என்று அதே புத்தகத்தை மறுபடி கையில் திணிப்பார். அதற்குக் காசு வாங்கமாட்டார்.

போன கிழமை மருமகனோடு கடைசிப் பேச்சு. வைபரில் அவன் முகம் உறைந்து உறைந்து வருகிறது.

"99 சதம் போடு தம்பி," என்றேன். "எங்கடை முந்நூறு ரூபா. ஒரு கைப் பங்கு அவ்வளவுதான் வரும்."

"அதிலை எனக்கு நூறு ரூபா மட்டிலைதான் வரும் மாமி. ஒரு கோப்பி குடிக்கேலாது இஞ்ச."

"கோப்பிக்கே எழுதினனி?"

அவன் சிரிக்கிறான். "சரி, 1.99 போடுறன். உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம். நீங்கள் வாங்குவீங்களோ?"

"என்னட்டைக் கார்ட் எங்கை கிடக்கு?"

"அப்ப நான் பீடிஎப் அனுப்பிவிடுறன். சும்மா."

"சும்மா வேண்டாம். நீ வரேக்கை காசு தருவன். ஆனால் வாசிச்சு முடிச்சாப் பிறகு ஒலுமடு டீச்சருக்கு அனுப்பலாமோ?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. சிக்னல் போய்விட்டதோ என்று போனை உயர்த்திப் பிடித்தேன்.

"டீச்சருக்கு மட்டும் எண்டால் சரி மாமி. அவ வேறை ஆருக்கும் அனுப்பப்படாது."

"ஒராளுக்கு மட்டும் குடுக்கிற புத்தகத்துக்கு முழு விலையோ? அரை விலைதான் தருவன்."

"முக்கால், மாமி."

"அரை."

"நீங்கள் சொந்த மருமோனிட்டையே பேரம் பேசுறீங்கள்."

நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன்.

"சரி, அரை," என்கிறான்.